மூடியும் கோலமும்

சுசீந்திரத்திற்கு வருவோர் அனைவரும் அண்ணாந்து நோக்குகின்றனர். ஏழு நிலைகளோடு ஏறக்குறைய 134 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்தையும், 18 அடி அனுமன் சிலையையும், தட்டினால் இசை எழும் கற்றூண்களையும் கண்டு வியந்து, நிழற்படமும் எடுத்துக்கொண்டு, கன்னியாகுமரிக்கு வண்டி ஏறுகின்றனர். தம் காலடியில் கிடப்பது யாது என்று குனிந்து நோக்குவார் அரியர். அங்கு நோக்கத்தக்கது ஒன்றும் இல்லை என்பாரும் உளர். இக்கட்டுரையோ காலடியில் கிடப்பதைப் பற்றியது. விளங்கச் சொல்லின், தெருவிலுள்ள சாக்கடைக் குழியின் மூடியைப் பற்றியது. கம்பரும் இளங்கோவும் வீற்றிருக்கும் தமிழ்ப் பகுதியில் சாக்கடை மூடிக்கும் ஓர் இருக்கையோ என்று ஆசிரியப் பெருமக்கள் முகஞ்சுளிப்பராயின், சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம். பண்டைப் புலவரும் இப்பொருளை இழிந்ததென்று விலக்கினாரல்லர் என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

தொழில் நிமித்தம் ஜப்பான் சென்று மீண்ட பழைய மாணவர் ஒருவர் எமக்குக் காட்டிய படங்களில் கோயில்களினும் மலைகளினும் தெருமூடிகளே மிகுதியாக இருந்தன. உடனிருந்தோர் நகைத்தனர். அயல்நாட்டிற்குப் பெரும்பொருள் செலவிட்டுச் சென்று சாக்கடையைப் படம் பிடித்து வருவதோ என்றார் ஒருவர். இந்நகை தகாது என்பது எம் கருத்து. வெளிநாடு செல்லும் நம்மவர் மூடிகளைப் பாராது திரும்புவதே பெரிதும் வருந்தத்தக்கது என்றும் கருதுகின்றோம். ஓர் ஊரார் விருந்தினருக்குக் காட்டவென்று கட்டியவற்றில் அவர்தம் செல்வம் தோன்றும். எவரும் பாரார் என்று எண்ணத்தக்க இடத்தில் அவர் செய்து வைத்ததில் அவர்தம் மனம் தோன்றும்.

ஜப்பானில் இவ்வழக்கம் நெடுங்காலத்தது அன்று. 1977-ஆம் ஆண்டில் ஓகினாவாத் தீவிலுள்ள நாகா நகரத்தார் மீன்கள் நிறைந்த மூடி ஒன்றை வார்த்தனர். அதன்பின், 1980-களில் சிறிய ஊர்களுக்கும் பாதாளச் சாக்கடை அமைக்க அந்நாட்டரசு முற்பட்டபோது, மக்கள் அதனை உவந்து ஏற்றிலர். செலவோ பெரிது; செய்த வேலையோ மண்ணுக்குள் மறைந்துபோவது. பாலம் கட்டினால் கண்ணாரக் காணலாம். குழாய் புதைத்தால் எதனைக் காண்பது? அப்பொழுது கட்டுமான அமைச்சகத்தில் பணியாற்றிய யசுதாகே கமேதா என்னும் அலுவலர் ஒரு வழி கண்டார். மறைந்து கிடக்கும் இப்பணியில் வெளியே தோன்றுவது மூடி ஒன்றே. அதில் ஒவ்வோர் ஊரும் தன் அடையாளத்தை வார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஊரார்க்கு ஊக்கம் பிறந்தது. ஓசாகா தன் கோட்டையையும் செர்ரி மலர்களையும் இட்டுக்கொண்டது. நாரா தன் மான்களை. சப்போரோ தன் மணிக்கூண்டையும் சால்மன் மீன்களையும். ஹகோடதே என்னும் துறைமுக நகரத்து மூடியிலோ கணவாய்கள் கூத்தாடுகின்றன. கணவாயை மீன்சந்தையிலன்றிக் கண்டறியாத நம் குமரிக் கடற்கரையார் இதனைக் கண்டால் மகிழ்வர் என்பதில் ஐயமில்லை. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இம்மூடிகளின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளையும் விலையின்றி வழங்குகின்றனர். அஞ்சலில் வாராது, அவ்வவ்வூருக்கு நேரே சென்று கை நீட்டிப் பெறல் வேண்டும். சாக்கடை மூடியின் பொருட்டு மாந்தர் புகைவண்டி ஏறி ஊர் ஊராய்ச் செல்லும் நாடு அது!

மூடியின் அழகு வெறும் ஒப்பனை என்றும் கருதற்க. அதன் மேடுபள்ளங்கள் மழைக்காலத்தில் சக்கரமும் காலும் வழுக்காதிருத்தற்பொருட்டு முதலில் அமைந்தவை. அது பெரும்பாலும் வட்டமாயிருத்தற்கும் காரணம் உண்டு. சதுர மூடியை மூலைவாட்டில் நிறுத்தினால் தன் வாய்க்குள்ளேயே விழுந்துவிடும்; வட்ட மூடி எவ்வாறு திருப்பினும் விழாது. பயனுக்கென்று இட்ட கோடுகளைச் சற்று வளைத்துப் பூவாக்கியதே கலைஞன் செய்த வேலை. நம் பாட்டிமார் அரிவாள்மணைப் பிடியிலும் பூச்செதுக்கு விரும்பியதும் இவ்வகையினதே.

இவ்வாறு குனிந்து பார்த்தல் ஜப்பானைக் கண்டபின் தோன்றிய பித்து என்று கூறுவார்க்கு ஒரு செய்தி. 1863-ஆம் ஆண்டில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்ற செப்பர்டு டெய்லர் என்னும் மாணவர், வீட்டு வாயில்களில் நிலக்கரி கொட்டுதற்கென்று அமைந்த துளைகளின் இரும்பு மூடிகளைத் தெருத்தெருவாய்ச் சென்று பார்த்து வரைந்து வைத்தார். மருத்துவம் பயிலும் மாணவர்க்கு இது வேண்டாத வேலை என்று அக்காலத்தும் எவரேனும் நகைத்திருப்பர். 66 ஆண்டுகள் கழித்து, 1929-இல், அவ்வோவியங்கள் நூலாக வெளிவந்தன. அவர் வரைந்திராவிடின் யாரும் எண்ணிப் பாராத அவ்வடிவங்களை இன்று நாம் அந்நூலின்வழி அறிகின்றோம்.

நிற்க. படம் பிடிப்போர்க்கு யாம் ஒன்று கூற விரும்புகின்றோம். மூடியின் நடுவிலுள்ள சித்திரத்தோடு அமையாது, அதன் விளிம்பிலுள்ள எழுத்துக்களையும் படித்தல் வேண்டும். நியூயார்க்கு நகரத் தெருக்களில் கிடக்கும் மூடிகள் பலவற்றில் ‘இந்தியாவிற் செய்யப்பட்டது’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் வார்க்கப்பட்டுள்ளன. அவை வங்காளத்து ஹௌரா நகரின் வார்ப்படச் சாலைகளிலிருந்து சென்றவை. 2007-ஆம் ஆண்டில் நியூயார்க்கு டைம்ஸ் இதழ் அச்சாலைகளில் ஒன்றின் நிலையைப் படங்களோடு வெளியிட்டது. உருகிய இரும்பு ஆறாய் ஓடும் இடத்தில் தொழிலாளர் சட்டையின்றி, காலணியின்றி நின்றனர். அதனைக் கண்ட அந்நகரத்து மின்விசைக் கம்பெனியாகிய கான் எடிசன், தொழிலாளர் பாதுகாப்பைக் குறிக்கும் விதிகளைத் தன் ஒப்பந்தங்களில் சேர்ப்பதாகக் கூறிற்று. நதாஷா ரஹேஜா என்பார் 2014-இல் இத்தொழிலாளரைப் பற்றி ஒரு திரைப்படமும் எடுத்தார். பன்னீராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாற் சென்று நம்மவர் படம் பிடிக்கும் இரும்பில் நம் நாட்டு மனிதன் ஒருவனுடைய வெறுங்காலின் சூடு இருத்தல் கூடும். விளிம்பைப் படியாதவர் இதனை எவ்வாறு அறிவர்?

இனிப் புலவர் செய்திக்கு வருவோம். நிலத்தடியே மூடிச் செல்லும் வழிக்குப் பண்டைத் தமிழர் வழங்கிய சொல் ‘சுருங்கை’ என்பது. சிலப்பதிகாரத்தில் மதுரை நகரைக் கூறுமிடத்து யானைக் கூட்டம் செல்லத்தக்க சுருங்கை பேசப்படுகின்றது. மணிமேகலையில் நகர மகளிர் கூந்தல் கழுவிய நறுநீர் சுருங்கைவழி அகழியைச் சென்று சேர்வதைச் சாத்தனார் பாடுகின்றார். காப்பியப் புலவர் கழிவுநீரைப் பாட நாணவில்லை. கற்கும் நாமே நாணுகின்றோம். இத்துணைச் செறிவான சொல் கைவசமிருக்க, நாம் ‘பாதாளச் சாக்கடை’ என்று வழங்கி, பாதாளத்தையும் சாக்கடையையும் ஒருங்கே அஞ்சுகின்றோம்.

அக்குழியின் பெயரையும் நோக்குக. ஆங்கிலத்தில் ‘மேன்ஹோல்’ என்பர். தமிழில் ‘ஆள்நுழை குழி’ என்று பெயர்த்துள்ளனர். பெயரிலேயே ஓர் ஆள் இறக்கி வைக்கப்பட்டிருக்கிறான். அமெரிக்காவில் பெர்க்கிலி நகரத்தார் 2019-ஆம் ஆண்டில், ஆண்பாற் சொல்லை நீக்கும் பொருட்டு, ‘பராமரிப்புக் குழி’ என்னும் கருத்துடைய வேறு பெயரை இட்டனர். நம் நாட்டிலோ காரணம் வேறு. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் நடுவணரசின் வரவுசெலவுத் திட்டத்தில், ஆள் நுழையும் குழியெல்லாம் பொறி நுழையும் குழியாக மாறுதல் வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ‘பொறிநுழை குழி’ என்று தமிழில் வழங்கலாம். சொல் அமைப்பது எளிது; தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் ஒரு நாழிகைக்குள் பத்துச் சொற்கள் அமைத்துத் தருவோம். சொல்லுக்கேற்பக் குழியை அமைப்பதே அரிது. கழிவுநீர்க் குழிகளிலும் தொட்டிகளிலும் இறங்கி 2019 முதல் 2023 முடிய 377 பேர் மாண்டனர் என்பது அரசு நாடாளுமன்றத்திற்குக் கூறிய கணக்கு. 1993 முதற்கொண்டு எடுத்த கணக்கில், மாநிலங்களுள் இவ்விறப்பு மிகுந்தது நம் தமிழ்நாடே. தமிழின் தொன்மையைக் கூறி மேசையைத் தட்டும் நாம் இம்முதன்மையை எந்த மேடையிலும் கூறுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். நம் ஊர்களிலும் ஜப்பானியரைப் போல அழகிய மூடிகள் செய்து இட்டால் என்ன? நண்பர் சிலர் இதனை ஆர்வத்தோடு கூறக் கேட்டிருக்கின்றோம். சுசீந்திரத்துத் தெருக்களுக்குக் கோபுரச் சித்திரம் பொறித்த மூடி இடலாம் என்பது ஒருவர் எண்ணம். இஃது ஒருகாலும் ஆகாது. நம் நாட்டில் புத்தகத்தின்மேல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். கோபுரத்தின்மேல் கால் வைக்க எவர் உடன்படுவர்? எம்மைப் போன்ற கிறிஸ்தவர்க்கும் சிலுவை பொறித்த மூடியை மிதித்துச் செல்ல மனம் வாராது. தாமரை பொறிக்கலாமெனின், அது திருமகளின் இருக்கை என்பர். ஓசாகாவினர் தம் கோட்டையை மிதிக்கத் தயங்காமைக்குக் காரணம், கால் பற்றிய எண்ணம் அவர்க்கும் நமக்கும் வேறாயிருத்தலே. அயலார் செய்வதை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் இத்தகைய இடர் நேரும்.

ஆயினும், மிதிபடுதற்கென்றே பிறந்த கலை ஒன்று நம்மிடம் உண்டு. மார்கழித் திங்களில் வைகறையில் சுசீந்திரத்துத் தெருக்களில் நடந்து பார்த்தவர் அதனை அறிவர். வாயில்தோறும் புள்ளியிட்டு, புள்ளியைச் சுற்றி இழை வளைத்து, முடிவும் முதலும் தெரியாதபடி கூட்டி, நடுவே சாணத்தில் பூசணிப்பூவை நட்டு வைப்பர். இட்டவர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. காலை எட்டு மணிக்குள் பாற்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அதன்மேல் நடந்து செல்வர். இட்டவரும் அதற்கு வருந்தார். எறும்புக்கு மாவும் வழிப்போக்கர்க்குக் கண்ணின்பமும் அளித்து அக்கோலம் மறைந்துபோம். நம் தெருமூடிக்கு உரிய சித்திரம் இதுவே. புள்ளிக்கோலம் வட்டத்திற்குள் இனிது அடங்கும். அதன் புள்ளிகளும் இழைகளும் இரும்பில் எழும்பி நின்றால் காலும் வழுக்காது. எந்தச் சமயத்தார் மனமும் புண்படாது. ஒவ்வொரு தெருவிற்கும் அத்தெருப் பெண்டிரின் கோலம் ஒன்றையே எடுத்து வார்க்கலாம். இரும்பு மூடியைத் திருடி விற்பார் உளரே எனின், உளர்தாம். சிமிட்டியிலும் கோலம் அச்சிடலாம்.

இத்துணையும் கூறியபின், அம்மூடியை இன்றே இடுக என்று கூறுவோமோ எனின், கூறோம். கோலமிடும் முறையை நோக்குக. முற்றத்தை முதலிற் பெருக்குவர். பின் நீர் தெளிப்பர். அதன்பின்னரே மாவைக் கையில் எடுப்பர். பெருக்காத முற்றத்தில் கோலமிடும் பெண்ணை மாமியார் மட்டுமன்று, எதிர்வீட்டாரும் ஏசுவர். அடியில் மனிதன் இறங்கி மூச்சடைத்து மாயும் குழியின்மேல் கோல மூடி இடுதல் பெருக்காத முற்றத்தில் இட்ட கோலமே. ஜப்பானியரின் மூடியைப் புகழ்வோர், அங்கும் குழாயைப் புதைத்த பின்னரே மூடியை எழுதினர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

பெருக்குதற்கு விளக்குமாறு இல்லையெனவும் கூற முடியாது. 2013-ஆம் ஆண்டிலேயே மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், குழியில் இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் அளிக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. 2023 அக்டோபரில் அதனை முப்பது இலட்சமாக உயர்த்திற்று. பெஜவாடா வில்சன் போன்றோர் இதற்கெனவே வாழ்நாளைச் செலவிட்டு வருகின்றனர். அவர்க்கு 2016-இல் மகசேசே விருது அளிக்கப்பட்டது. பொறியும் தொலைவில் இல்லை. 1956 வரை நம் நாஞ்சில் நாட்டிற்குத் தலைநகராயிருந்த திருவனந்தபுரத்திலேயே, பொறியியல் கற்று வெளிவந்த இளைஞர் சிலர் குழிக்குள் கை நீட்டிக் கசடு வாரும் பொறியொன்றைச் செய்து, 2018-ஆம் ஆண்டில் வேலையில் இறக்கினர். ‘பேண்டிகூட்’ என்பது அதன் பெயர். பெருச்சாளி என்று பொருள். அவர்கள் எம்மினும் சில ஆண்டுகளே மூத்தவராய் அதனைத் தொடங்கினர் என்று எண்ணும்போது, யாப்பருங்கலக் காரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எமக்குச் சற்று வெட்கம் உண்டாகின்றது.

சுசீந்திரம் நகரமன்று, பேரூர். அங்குப் பொறி எதற்கு என்று சிலர் கேட்பர். சிற்றூர்களிலும் பேரூர்களிலும் வீட்டுக்கு வீடு நிலத்தடியில் கழிவுத் தொட்டி உண்டு. இறப்புகள் நகரத்துக் குழியில் மட்டும் நிகழ்வன அல்ல. வீட்டுத் தொட்டியிலும் நிகழ்வனவே. ‘ஒருமுறை இறங்கி அடைப்பை எடுத்துவிடு’ என்று ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவோர் அரசினரும் அல்லர், ஒப்பந்தக்காரரும் அல்லர், வீட்டுக்காரராகிய நாமே. இதனால் சட்டம் மட்டும் போதாதென்பது எம் எண்ணம்.

மேலும், சுசீந்திரத்துத் தெரு பிற தெருக்களைப் போன்றதன்று. 1926-ஆம் ஆண்டில், கோயிலைச் சுற்றிய அத்தெருக்களில் எல்லாக் குலத்தாரும் நடத்தல் வேண்டும் என்று டாக்டர் எம். இ. நாயுடு முதலியோர் சத்தியாக்கிரகம் நடத்தினர். அவர்கள் கேட்டது கருவறையை அன்று. கேட்டது தரை, கால் வைத்து நடக்கும் தரை. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேச அறிக்கையை வெளியிட்ட பின்னர்க் கோயிலே திறந்தது. இன்று அத்தெருவில் நடப்போரை எவரும் தடுப்பதில்லை. ஆனால் இந்நாட்டில் தெருவின்மேல் நடக்கக்கூடாதென்று தடுக்கப்பட்ட குலங்களுள் சிலவற்றின் வழிவந்தோரே தெருவின்கீழ் இறங்கும் வேலைக்கு இன்றும் அழைக்கப்படுகின்றனர். மேலே நடக்க உரிமை பெற்றுத் தந்த போராட்டத்தை ஆண்டுதோறும் நினைவு கூர்வோர், கீழே இறங்காதிருக்கும் உரிமையையும் அதன் தொடர்ச்சியாகக் கொள்ளுதல் தகும்.

கிறிஸ்தவ மாணவராகிய எமக்கு இது குறித்து மேலும் ஒரு கடப்பாடு உண்டு. பெரிய வியாழனன்று திருச்சபைகள் பலவற்றில் போதகர் குனிந்து பிறர் கால்களைக் கழுவுகின்றார். கழுவிய அழுக்கு நீர் பின்னர் எங்குச் செல்கின்றது, அங்கு அடைத்துக்கொண்டால் யார் இறங்குகின்றார் என்று ஒருவரும் கேட்பதில்லை. சபைக் கட்டிடங்களிலும் தொட்டிகள் உண்டு.

ஆதலின், வெளிநாடு செல்லும் பழைய மாணவர்கள் மூடிகளைப் படம் பிடித்து அனுப்புக. யாம் மகிழ்ந்து பார்ப்போம். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை வெளியிட இடம் தருமாறும் ஆசிரியர் குழுவை வேண்டிக்கொள்கின்றோம். உள்ளூரில் இருக்கும் மாணவர்க்கும் வேலை உண்டு. நம் கல்லூரி வளாகத்தில் நூல்நிலையத்தின் பின்புறத்திலும் விடுதிச் சமையற்கட்டின் அருகிலும் மூடிகள் கிடக்கின்றன. பலர் அவற்றின்மேல் அமர்ந்து தேர்வுக்குப் படிக்கின்றனர். அவற்றையும் விளிம்பெழுத்தோடு படம் பிடித்தல் வேண்டும். படத்தின் கீழே ஊரின் பெயர், வார்த்தவர் பெயர், நாள் ஆகியவற்றோடு இன்னும் ஒரு வரி சேர்த்தல் நலம்: அம்மூடியைக் கடைசியாகத் திறந்தபோது உள்ளே இறங்கியது பொறியா, ஆளா என்பது. விடுதிக் காவலரைக் கேட்டால் தெரியும்.